யாமிலா எழுதிய பக்கம்

யாமிலா எழுதிய பக்கத்தை முதல்முறை படித்து முடித்ததும் ரொமினா முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தாள். மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், மென்டோசா தெருவின் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். இணையத்தில் எதையாவது விற்கிறவர்களுக்கு விளம்பரமும், அந்த விளம்பரத்தைத் தொட்டால் திறக்கிற பக்கமும் எழுதிக் கொடுப்பது வேலை. பக்கத்தைப் படிக்கிறவர் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தி வாங்க வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம். அப்படி அழுத்த வைப்பதில் பல வருடங்களாக ரொமினாவுக்கு நிகராக அங்கே ஆள் கிடையாது. டானோவே அப்படிச் சொல்வான். அவன்தான் முதலாளி, ஆனால் அப்படி யாரும் அவனை நினைத்ததில்லை.

கோடை முடிகிற நேரத்தில் டெல்ஃபினா என்பவள் வந்தாள். கேக் செய்யவும் அலங்கரிக்கவும் கற்றுக்கொடுக்கிறவள். அவளுடைய வகுப்புகளை இணையத்தில் விற்க வேண்டும். ரொமினா ஒரு பக்கம் எழுதினாள். புதிதாகச் சேர்ந்திருந்த யாமிலா, யாரும் கேட்காமலே, இன்னொன்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். டானோ இரண்டையும் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான். சண்டை வேண்டாம், வாங்குகிறவர்களே சொல்லட்டும் என்றான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பக்கம், பாதிப் பேருக்கு மற்றது. யாருக்கு எது என்று இயந்திரம் குலுக்கிப் போடும். பார்த்தவர்களில் அதிகம் பேரை வாங்க வைத்த பக்கம் நிற்கும், மற்றது போகும். ஜெயித்த பக்கத்தை எழுதியவளுக்கு டெல்ஃபினாவின் வேலை முழுவதும்.

ரொமினாவின் பக்கம் எப்போதும்போல் விறுவிறுப்பாக இருந்தது. முதல் வகுப்பிலேயே கடைக் கேக் போல வரும், அக்கம்பக்கத்தார் தேடி வந்து கேட்பார்கள், தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு சரி. யாமிலாவின் பக்கம் இப்படித் தொடங்கியது: ‘உங்கள் முதல் கேக் ஒரு பக்கமாகச் சாயும். அதிலும் யாரோ ஒருவர் இரண்டாவது துண்டு கேட்பார்.’

எடுத்த எடுப்பிலேயே தோல்வியைச் சொல்லி ஒரு பொருளை விற்க ரொமினாவுக்கு ஒருநாளும் துணிவு வந்ததில்லை. அப்படிச் செய்யலாம் என்று தோன்றியதுகூட இல்லை. தோன்றாமல் போனதுதான் அரித்தது.

சோதனை தொடங்கிய காலையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குவளை கைமாறிக் கைமாறி வந்தபோது டானோ அவளைச் சீண்டினான். “என்ன ரொமி, சிங்கத்துக்குப் பல்லு ஆடுதாமே?”

“ஆடினாலும் உன்னைக் கடிக்கிற அளவுக்கு இருக்கு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாமிலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று ரொமினா தேடினாள். கிடைக்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எதிரியின் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அலுவலகத்தில் அல்ல. யாராவது பின்னால் நின்று பார்த்துவிடக் கூடாதே. வீடு இருக்கிற பைகோரியாவிலிருந்து வரும் பஸ்ஸில், ஆற்றங்கரை பெஞ்சில், பல் டாக்டரின் வாசலில் காத்திருக்கையில், கைபேசியில் ரகசிய ஜன்னலைத் திறந்து, குலுக்கலுக்குப் போகாமல் யாமிலாவின் பக்கத்துக்கு நேராகப் போகிற முகவரியைப் போட்டுப் படிப்பாள். அதில் திறந்தால் தடயம் தங்காது. பக்கமும் அவளை முன்பின் தெரியாத ஆளாகவே எடுத்துக்கொள்ளும். அந்நியக் கண்ணோடு பார்த்தால் குறை தெரியும் என்று நினைத்தாள். ஒரு தொய்வு, ஒரு பொய், மிகையாக ஒரு சொல். ஒன்று அகப்பட்டால் போதும், நிம்மதியாக மூடிவிடலாம். அகப்படவில்லை. மூடுவாள். கொஞ்சநேரம் தண்ணீரையோ தெருவையோ பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, அவசரத்தில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டதாகத் தோன்றும். மறுபடி திறப்பாள்.

முடிவு வந்தபோது ரொமினாவின் பக்கம் மயிரிழையில் முந்தியிருந்தது. டானோ அவள் தோளைத் தட்டினான். அவள் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. காரணம் புரியாமல், களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பால்கனியில் தனியாக நின்றிருந்தபோது யாமிலா பக்கத்தில் வந்து நின்றாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?” என்றாள். “உன் பக்கத்தை நான் படிக்கவே இல்ல.”

“சும்மா சொல்லாத.”

“சத்தியமா. ஒரே ஒருதரம் திறந்தேன், தலைப்பைப் பார்த்ததும் மூடிட்டேன். நல்லா இருந்து தொலைச்சா நான் தூங்க மாட்டேன். எனக்குப் பொறாமை ஜாஸ்தி, ரொமி. ஊருக்கே தெரியும்.”

ஒரே ஒருதரம் என்ற சொல் ரொமினாவுக்குள் போய் எங்கோ இடித்தது. தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, திரும்பிப் போகும்வரை அவள் அசையவில்லை. யாமிலா உள்ளே போய்விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

அலுவலகக் கணினிகளைக் கணக்கில் சேர்க்காதே என்று இயந்திரத்துக்கு முதல்நாளே கட்டளை போட்டது ரொமினாதான். கைபேசிக்கு அந்தக் கட்டளை கிடையாது. ரகசிய ஜன்னலில் ஒவ்வொரு முறை திறந்தபோதும் புதிதாக ஒரு ஆள் வந்ததாகவே எழுதப்பட்டிருக்கும். வந்து, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, வாங்காமல் எழுந்து போன ஆள். பஸ்ஸில் ஒருத்தி, ஆற்றங்கரையில் ஒருத்தி, டாக்டர் வாசலில் ஒருத்தி. டெல்ஃபினாவுக்கு வருகிற கூட்டமே சிறியது. யாமிலாவின் பக்கத்தைத் தோற்கடித்தது அந்தப் பெண்கள்தான். எல்லோருக்கும் ஒரே முகம்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், எண்களை அழுக்காக்கியதை மன்னித்துவிடுவார்கள், அது கைத்தவறு. ஏன் திறந்தாள் என்று கேட்பார்களே, அதற்குத்தான் அவள் பயந்தாள். குழாயடியில் வெகுநேரம் கையைக் கழுவினாள். பிறகு டானோவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, சோதனை கெட்டுப்போச்சு, புதுசா ஓட்டணும் என்றாள். யாமிலாவின் பக்கத்தை வெளியிலிருந்து தானே திறந்துகொண்டிருந்ததைச் சொன்னாள்.

டானோ திரையிலிருந்து கண்ணை எடுத்தான். “எத்தனை தடவை?”

“எண்ணல.”

“குறை கண்டுபிடிக்கவா?”

“ஆமா.”

“கிடைச்சுதா?”

“இல்ல.”

அவன் சிரிக்கவில்லை. டெல்ஃபினா கத்துவாள் என்று முணுமுணுத்துவிட்டு, திங்கட்கிழமை மறுபடி தொடங்கலாம் என்றான்.

அடுத்த மேஜையில் யாமிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நன்றி சொல்வாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்று ரொமினா காத்திருந்தாள். யாமிலா இரண்டையும் செய்யவில்லை. முகம் மட்டும் இறுகியிருந்தது. விளக்கை அணைத்து எல்லோரும் பையை எடுக்கிற நேரத்தில்தான் நாற்காலியைத் திருப்பினாள்.

“எதைத் திரும்பத் திரும்பப் படிச்ச?”

ரொமினா தெரியாததுபோல் நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. பொத்தானுக்கு மேலே இருந்த வரியைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒன்றும் சரியாக வராத நாளிலும் வீடு வெனிலா மணக்கும்.”

“அதையா?” யாமிலா திரையைப் பார்த்தாள். “நீளமா இருக்கு, பொத்தானைக் கீழ தள்ளுதுன்னு தோணுது. திங்கக்கிழமைக்கு முன்னாடி எடுத்துடலாம்னு இருக்கேன்.”

ரொமினா பையின் வாரைத் தோளில் மாட்டினாள். படிக்கட்டு வரைக்கும் நடந்தாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கினால் போதும். யாமிலா எடுத்துவிடுவாள். அந்த வரி இல்லாத பக்கத்தைத் தோற்கடிக்கத் தன்னால் முடியும், சந்தேகமே இல்லை. கைப்பிடியின் இரும்பு உள்ளங்கையில் சில்லென்றிருந்தது.

“எடுக்காத,” என்றாள் திரும்பாமலே. அதைத் தன்னைச் சொல்ல வைத்ததற்காகவும் யாமிலாமேல் அவளுக்குக் கோபம் வந்தது.