பச்சைமலைப் பெட்டி

எண்பத்தாறாம் வருஷம் பச்சைமலை உச்சியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் மிக்கேலும் அவருடைய ஹாம் ரேடியோ மன்றத்தாரும் உலகத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். கீழே ஒருவர் பேசுவதை வாங்கி, பலத்தைக் கூட்டி, பெரம்பலூர் முதல் எங்கள் ஏலாக்குறிச்சி வரை எல்லோருக்கும் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் அது. அதைச் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் கூலியாட்கள். மாலை விழுந்தது மன்றத் தலைவர் கிருஷ்ணமூர்த்தியின் கழுத்தில்.

லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ வைத்து அப்படி என்னதான் பேசினார்கள்? நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா என்பார் ஒருவர். நன்றாகக் கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா என்பார் இன்னொருவர். கேட்கிறது என்று தெரிந்த பிறகாவது ஏதாவது பேசுவார்களா என்றால், அதுவும் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் இந்த வெட்டிப்பேச்சுக்காகத் தினமும் சோற்றை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்.

மறு ஐப்பசியில் கொள்ளிடம் கரையை உடைத்தது. ரோடு போயிற்று, கரண்டும் போயிற்று. வெள்ளத்தோடு வீட்டுக்குள் வந்த கண்ணாடி விரியன் அவரைக் கெண்டைக்காலில் கடித்தது. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பேட்டரி இருந்ததால் ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது.

அதில் கிருஷ்ணமூர்த்தி, வெள்ளக் காலத்தில் மன்றம் ஆற்றப்போகும் தொண்டைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் மைக்கை அழுத்தி, மிக்கேல் சம்சாரம் சாந்தி மேரி பேசுகிறேன், அவரைப் பாம்பு கடித்துவிட்டது, உடனே படகு வேண்டும் என்றேன்.

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப நீங்க பேசக்கூடாது. வூட்டுக்காரரைக் கூப்புடுங்க."

வீட்டுக்காரர்தான் செத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஏதோ ஒரு சட்டப்பிரிவைச் சொல்லி என்னை விலகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் பேச முடியும் என்பது இவர்களை இத்தனை நாள் சகித்துக்கொண்டதில் எனக்குத் தெரிந்திருந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தியவள் விடவே இல்லை. ஊர், தெரு, பாம்பு, படகு என்று தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். குறுக்கே யார் வந்தாலும் இரைச்சல்தான் கேட்டிருக்கும். அந்தப் பெட்டி அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தது.

அரியலூரில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். மதியத்துக்குள் படகு வந்தது. மிக்கேல் பிழைத்தார்.

சில நாள் கழித்துக் கிருஷ்ணமூர்த்தி ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரைக் கண்டதும் என் வீட்டுக்காரர், கையில் குத்திய ஊசியும் ட்யூபுமாக எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்.

"எஞ் சம்சாரம் வெவரம் தெரியாம பேசிடுச்சுங்க சார். என்னை மன்றத்துலேருந்து நீக்கிடாதீங்க."

கிருஷ்ணமூர்த்தி பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். நான் மிக்கேலின் காலைப் பார்த்தேன். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. அந்தப் படகு கொஞ்சம் அவசரப்பட்டு வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.