நாவுல சந்தியில் ஒரு பலகை

காட்டை என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன, மரம் பெயர் கேட்டா வளர்கிறது என்றுதான் சாலிஹ் நினைத்திருந்தான். பல்லேகமப் பக்கத்துக் காட்டுக்குள் அவனுக்கு ஒரு மிளகுத் தோட்டமும், ஓட்டுவதற்கு ஒரு பழைய ஜீப்பும் இருந்தன. சீகிரியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். ‘காப்புக்காடு’ என்று எழுதினால் எவன் திரும்பிப் பார்ப்பான்? நாவுல சந்தியில் ஆளுயரப் பலகை நட்டு, ‘நேஷனல் பார்க் சஃபாரி’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டான்.

பிறகுதான் வினை வந்தது. காட்டோரத்தில் ஹோட்டல் கட்டிய கொழும்புக் கம்பெனி ஒன்று, அந்தக் காட்டை உண்மையாகவே தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டது. ஊரார் பதறிப்போனார்கள். பதினான்கு குடும்பங்களின் மிளகு காட்டுக்கு உள்ளேதான் இருந்தது. காப்புக்காடு என்றால் பழைய அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு நடக்கலாம். தேசியப் பூங்கா என்றால் பாதை மூடிவிடும்.

எதிர்த்து வழக்காட முன்னுக்கு நின்றவன் சாலிஹ்தான். வீடு வீடாக ஏறி இறங்கினான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்து, கடைசியில் முந்நூறு மிளகுக்கொடி நட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்த சுந்தரம்மாவிடமும் கைநாட்டு வாங்கினான்.

“இது எந்தக் காலத்திலயும் நேஷனல் பார்க் இல்லன்னு கோர்ட்டுக்குச் சத்தியக்கடதாசி குடுக்கிறோம் அக்கா. நீங்க பயப்பட வேணாம்.”

“நீங்க சொன்னா சரிதான் தம்பி. எனக்கு அந்தக் கொடிய விட்டா வேற ஒண்ணுமில்ல.”

சத்தியக்கடதாசியில் முதல் கையெழுத்து சாலிஹுடையது. அந்த மாதமே சீசன் வந்தது. பலகையின் எழுத்து வெளுத்திருக்கிறதென்று மாத்தளையிலிருந்து பெயின்டரைக் கூட்டிவந்து புதிதாக எழுதவைத்ததும் இதே மகராசன்தான். ஒன்று வழக்கு, மற்றது வியாபாரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவன் மனைவி மஸூதாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

கம்பெனியின் வக்கீலுக்குத் தோன்றியது. கொழும்பு நீதிமன்றத்தில் அவர் ஒரு பெரிய போட்டோவை எடுத்து நீட்டினார். பெயின்ட் பளபளவென்று மின்னியது. கீழே இருந்த பெயரைச் சத்தியக்கடதாசியின் முதல் பெயரோடு ஒப்பிட்டு நிதானமாக வாசித்தார். ஊராரின் வக்கீல் திரும்பி சாலிஹைப் பார்த்தார்.

உண்மையை மறைத்துச் சத்தியம் செய்தவர்களின் ஆட்சேபணையை ஏற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. வாசிக்க ஐந்து நிமிடம் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சாலிஹுக்குப் பக்கத்து சீட் மாத்தளை வரை காலியாகவே கிடந்தது. யாராவது திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அரசாங்க வர்த்தமானியில் அறிவிப்பு வந்தது, கேட் வந்தது, காவலாளி வந்தான். சாலிஹுடைய மிளகும் உள்ளேதான் அகப்பட்டது. ஆனால் உள்ளே ஓடப் பதிவு செய்த ஜீப்புகளில் அவனுடையதும் ஒன்று. ஊரே வெளியே நிற்க, அவன் மட்டும் உள்ளே போய்வந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே தினமும் போனான்.

மிளகு பழுக்கும் பருவத்தில் ஒருநாள் காலை, கேட்டடியில் சுந்தரம்மா நின்றிருந்தாள். வெளுத்த சேலை உடுத்தி, தலை வாரி, பயணம் போகிறவள் போல் வந்திருந்தாள். ஜீப்பில் ஒரு சீட் காலியாக இருந்தது.

“தம்பி, வெள்ளக்காரங்களோட என்னையும் ஏத்திக்கிறீங்களா? டிக்கட் எடுத்துக்கிறேன். எங்க கொடி பக்கத்தால போகும்போது கொஞ்சம் நிப்பாட்டினா போதும். பழுத்ததுல ரெண்டு கை ஆய்ஞ்சிட்டு வந்துர்றேன்.”

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாலிஹ் கதவைத் திறந்துவிட்டான். அவளைக் கைபிடித்து ஏற்றினான். பிறகு, தினமும் வெள்ளைக்காரர்களிடம் சொல்வதையே அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

“உக்காருங்க அக்கா. ஆனா உள்ளுக்குப் போனா யாரும் கீழ இறங்கக் கூடாது. இருந்த இடத்துல இருந்து பார்க்க மட்டுந்தான் ஏலும்.”