நூற்று நாற்பத்தெட்டு டிகிரி

சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஒரு பொருள் எத்தனை டிகிரியில் உருக வேண்டும் என்பதைப் பேராசிரியர்தான் முடிவு செய்வார். பர்னருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவருடைய பழைய ஜெர்மன் புத்தகத்தில் உள்ள எண்ணோடு நம் எண் ஒத்துப்போனால் சனிக்கிழமை நோட்டில் கையெழுத்து விழும். கையெழுத்து இல்லாவிட்டால் டாக்டர் பட்டம் இல்லை.

என்னோடு ஆய்வு செய்த கடலூர் ஜமாலுதீன், யானைக்கால் நோய்க்கு மருந்தாகலாம் என்று ஒரு வெள்ளைத் தூளை எட்டு மாதம் உழைத்துச் செய்திருந்தான். புத்தகப்படி அது நூற்று அறுபத்திரண்டில் உருக வேண்டும். மூன்று முறையும் நூற்று நாற்பத்தெட்டிலேயே உருகிவிட்டது.

"அறுபத்திரண்டுன்னே போட்டுடுப்பா. ஜெர்மன்காரன் தப்பு பண்ணுவானா?" என்றார் பேராசிரியர்.

"அப்போ இது வேற தூள் சார். நாளைக்கு யானைக்கால் வந்த எங்க மாமா முழுங்கப்போறது தூளைத்தான், உங்க புத்தகத்தை இல்ல. நீங்களே வந்து பாருங்க."

"கண்ணாடியை வீட்ல வெச்சிட்டேன்பா."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

"எழுதித் தொலை மச்சான், பட்டம் போயிடும்" என்று நான் காதில் ஓதினேன்.

ஜமால் பேனாவைத் திறந்தான். "148: மூன்று முறை பார்த்தது. 162: பேராசிரியர் பார்க்காமல் சொன்னது" என்று எழுதி நோட்டை நீட்டினான்.

அந்தச் சனிக்கிழமை கையெழுத்து விழவில்லை. அடுத்த சனிக்கிழமையும் விழவில்லை. ஜமால் நான்காவது முறையாகப் பர்னரைப் பற்றவைத்தான். நானும் குனிந்து பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு.

"பார்த்தவர் இருவர்" என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் அதே பேராசிரியர்தான்.