தீபத்தன்று தூங்கியவள்

ஊருக்கே எல்.இ.டி. பல்பு விற்கிறவன் நான். பெயர் அன்பரசன், செங்கம் சாலையில் சின்ன எலக்ட்ரிக்கல் கடை. அப்படிப்பட்டவன் ஒரு மாதமாக வீட்டுக்கு இருட்டு தேடி அலைந்தேன் என்றால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கவிநிலா தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வருடக்கணக்காக நைட் டியூட்டி மட்டும்தான். யாரும் அவள் தலையில் கட்டியதல்ல, அவளே கேட்டு வாங்கியது. பகலில் வீட்டில் இருந்தால் பூஜாவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைத்தாள். பூஜா எங்கள் மகள், ஒன்றாம் வகுப்பு. பகலில் வீட்டில் இருப்பது வேறு, தூங்குவது வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

போன மாதம் காலையில் டியூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வந்தவள், வேங்கிக்கால் வளைவில் கண் சொருகி, ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியில் போய் மோதிவிட்டாள். சிராய்ப்போடு போயிற்று. நான் ஓடிப்போனபோது பழக்கார அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "நல்ல வேளப்பா, பின்னாடி லாரி எதுவும் வரல" என்றார்.

அவள் மருத்துவமனை டாக்டரே பரிசோதித்தார். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது.

"ராத்திரி பூரா லைட்டு வெளிச்சத்துல முழிச்சிருக்கீங்க, பகல்ல அரைகுறையா படுக்கறீங்க. உடம்புக்கு எது ராத்திரி, எது பகல்னே தெரியாம போயிடுச்சும்மா. டே டியூட்டிக்கு மாறுங்க. இல்லன்னா இருட்டு ரூம்ல ஒரே மூச்சா தூங்குங்க. இப்படியே போனா இதயத்துலதான் கொண்டுபோய் விடும்."

டே டியூட்டி என்றதுமே கவிநிலா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். "புள்ள ஸ்கூல் விட்டு வந்து பூட்டின கதவயா பாக்கும்?"

சரி, இருட்டுக்கு நானாச்சு என்று கிளம்பினேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின் அடித்தேன். ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வெங்காயம் விற்க வரும் ஆட்டோக்காரனிடம் சண்டை. பழைய இரும்பு வாங்குகிறவனிடம் சண்டை. தெரு நாய்க்கு பிஸ்கட் போட்டுச் சமாதானம். எங்கள் தெருவில் என்னைப் பார்த்தாலே குக்கர் விசிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எதிர்வீட்டு சரசு அக்கா கிண்டல் செய்வார். அவ்வளவும் செய்தும் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு குறையவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னதான் செய்கிறாள் இவள், படுத்தால் தூங்க வேண்டியதுதானே!

தீபத் திருநாள் வந்தது. முந்தின இரவு டியூட்டி பார்த்துவிட்டுக் கூட்டத்தில் நீந்தி வந்தவள், அன்று இரவு தனக்கு ஆஃப் என்பதால் சந்தோஷமாகவே படுத்தாள்.

"அஞ்சு மணிக்கு எழுப்பிடுங்க. மலையில ஏத்தறப்ப வாசல்ல நான் அகல் ஏத்தணும். பொறந்ததுல இருந்து ஒரு வருசம் கூட விட்டதில்ல."

பள்ளி விடுமுறை. பூஜா வீட்டில் இருந்தால் அம்மாவைத் தூங்க விடமாட்டாள் என்று அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்விட்டேன். மதியச் சாப்பாடும் கடையிலேயே. சீரியல் லைட் வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வீடு வந்தேன்.

கதவைத் திறந்து பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி அப்படி ஒரு தூக்கம். கல்யாணமான புதிதில் அவள் இப்படித் தூங்கிப் பார்த்தது, அதற்கப்புறம் இன்றுதான். எழுப்பக் கை நீட்டினேன், மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று தள்ளிப்போட்டதில் இருட்டிக்கொண்டு வந்தது.

சரசு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "என்னப்பா, கவி எங்க? விளக்கு வெக்கிற நேரத்துல பொம்பள படுத்திருந்தா லட்சுமி வாசலோட திரும்பிடும். அதுவும் இன்னிக்கு!"

"லட்சுமி வந்தா சத்தம் போடாம உள்ள வரட்டும் அக்கா. இவ தூங்கறா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நானும் பூஜாவும் அகல்களை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் அகல்களை ஏற்றினோம். ஊரே அரோகரா என்று எழுந்தது. வெடிச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. விழித்திருப்பாள், திட்டு வாங்கத் தயாராவோம் என்று உள்ளே போனேன்.

அவள் அசையவே இல்லை.

இத்தனை சத்தத்துக்கும் ஒரு மனுஷி அசையாமல் கிடப்பாளா? டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அவள் மூக்கில் விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்து பட்டது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அழுது முடித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. தினமும் இவளை எழுப்பியது வெங்காய ஆட்டோ இல்லை. பத்து மணிக்கு அவள் எழுந்து சமைத்துக் கட்டும் என் சாப்பாட்டுக் கேரியர், மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் பூஜா. இன்று இரண்டுமே இல்லை. ஊரோடு சண்டை போட்ட நான், என் சோற்றை நானே வடித்துக்கொண்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

ஒன்பது மணிவாக்கில் எழுந்து வந்தாள். வாசலில் எரிந்து முடியப்போகும் அகல்களைப் பார்த்தாள்.

"எழுப்பச் சொன்னேன்ல? ஏங்க இப்படிப் பண்ணீங்க?" கண்ணில் நீர் முட்டியது.

"வெடிச் சத்தத்துக்குக் கூட நீ எழுந்துக்கல கவி. மூக்குல வெரல வெச்சிப் பாத்தேன்."

அவள் என் கையை எடுத்து விரலைப் பார்த்தாள். "ராத்திரியில நான் பேஷன்ட்டுக்குப் பாக்கறது அது" என்றாள் மெதுவாக.

"டே டியூட்டி கேளு. மூணரைக்கு நான் கடையைச் சாத்திட்டு வந்து புள்ளயப் பாத்துக்கறேன். சமையலும் பாதி என்னுது."

"உங்களுக்கு உப்புமாவே கட்டி கட்டியா வரும்."

"கட்டிய எடுத்து நான் சாப்பிட்டுக்கறேன்."

சிரித்துவிட்டாள். அப்போதே போனை எடுத்து நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ரேணுகாம்பாளிடம் பேசினாள். அடுத்த மாதத்திலிருந்து பகலில் போட்டுத் தருவதாக அவரும் ஒத்துக்கொண்டார்.

பாயில் அரைத் தூக்கத்தில் கிடந்த பூஜா தலையைத் தூக்கினாள். "அப்ப ராத்திரில அம்மா வூட்லயே இருக்குமா?"

"இருக்கும்டா கண்ணு" என்றேன்.

"அப்ப அம்மா நைட்டிய நான் தலகாணிக்குப் போட வேணாமா?"

கவிநிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் ராத்திரி அம்மாவின் நைட்டியைத் தலையணைக்கு மாட்டி, அதன்மேல் கை போட்டுக்கொண்டுதான் அந்தக் குழந்தை தூங்கும். இது ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அந்தப் பகல் தூக்கமும் போய்விடும் என்று பயம்.

அவள் பாயருகே போனாள். தலையணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் படுத்தாள்.