பிரித்தவனுக்குக் கடைசிப் பங்கு

எதையும் நியாயமாகப் பங்கு பிரிப்பது எப்படி என்று கணக்குப் போடுவதுதான் என் கைடு சாமிநாதன் சாரின் ஆராய்ச்சி. நானும் கார்த்திகாவும் அவரிடம் பிஎச்.டி. மாணவர்கள். நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கட்டுரையில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? அவருடையது. மனுஷன் செய்ததெல்லாம் நாலு இடத்தில் கமா போட்டதுதான். நன்றாக இருக்கட்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. திருபுவனைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணித ஆசிரியர் வேலை ஒன்றே ஒன்று இருந்தது. கட்டுரையில் முதல் பெயர் இருந்தால்தான் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள். நானும் விண்ணப்பித்திருந்தேன், கார்த்திகாவும் விண்ணப்பித்திருந்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற? ஞாயித்துக்கெழம வில்லியனூர்ல சார் பேசுறாரு, வா" என்றாள்.

கரும்பு விவசாயிகளின் கூட்டம். பாகப்பிரிவினைச் சண்டைகளைப் பற்றி சார் வெளுத்து வாங்கினார். "அண்ணன் பிரிக்கணும், தம்பி மொதல்ல எடுக்கணும். பிரிச்சவனுக்குக் கடைசிப் பங்குதான். அப்பதான் ஒழுங்கா பிரிப்பான்."

கார்த்திகா எழுந்தாள். "சார், மூணு பேரு சேந்து ஒரு கட்டுரை எழுதுறாங்க. யார் பேரு மொதல்ல, யார் பேரு அடுத்ததுன்னு அதுல ஒருத்தரே முடிவு பண்றாரு. அவரு பேரு எங்க வரணும்?"

"கடைசியிலதான். இதுல இன்னா சந்தேகம்?"

கூட்டம் கைதட்டியது. தட்டி முடிப்பதற்குள் சாரின் முகம் சுண்டிப்போனது. "வாத்தியாரு நாயமான மனுசன்பா" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். அதற்கு மேல் சார் எப்படிப் பேச்சை மாற்றுவார்?

கூட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். இன்னும் அச்சுக்கு அனுப்பாத எங்கள் கட்டுரையின் முதல் பக்கத்தை சார் பையிலிருந்து எடுத்துத் தன் பெயரை அடித்தார், கீழே கடைசியாக எழுதினார். "மேல யாரு பேரு மொதல்ல, யாரு பேரு அடுத்ததுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார் கடுப்பாக.

கார்த்திகா பேனாவை என்னிடம் நீட்டினாள். "நீயே போடுபா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். அவள் மனசு மாறுவதற்குள் என் பெயரை முதலில் எழுதி, அவள் பெயரை அடுத்து எழுதினேன்.

அன்று முழுக்கச் சிரிக்காத சார் அப்போதுதான் சிரித்தார். "டேய் தமிழ்க்குமரா, இப்ப பிரிச்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திகா பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை அடித்துவிட்டு, அதை என் பெயருக்கு மேலே எழுதிவிட்டாள்.

இப்போது அவள் தினமும் திருபுவனை பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். நான் சாரின் அறையில் உட்கார்ந்து அவருடைய கட்டுரைகளுக்குக் கமா போட்டுக்கொண்டிருக்கிறேன்.