சின்னவனின் இடது முன்னங்கால்

"எங்க வீட்டுத் தொட்டியில கால் முளைக்கப்போகுது. இன்னும் கொஞ்சம் விட்டா ஆளே முளைப்பான்!" என்று முடிதிருத்தும் கடையில் அறிவித்தார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கத்தரிக்கோல்கூட நிற்கவில்லை. ஒரு சக்கரம் கழன்ற பஸ்ஸை மிச்சச் சக்கரங்களை வைத்தே மலையிறக்கியதாகக் கதையளந்தவர் அல்லவா அவர்!

இந்தத் தடவை விஷயம் வேறு. தொட்டியில் பெரியவன், சின்னவன் என்று இரண்டு நியூட்டுகள்: பல்லி உருவம், தவளைச் சாதி, ஆரஞ்சு வயிறு. மண்புழுவை ஒரே மூலையில் கொட்டியது அவர் தப்பு. பந்திக்கு முந்திய பெரியவன், புழுவென்று நினைத்துச் சின்னவனின் முன்னங்காலைக் கவ்வித் திருகிப் பிய்த்துவிட்டான்.

"அடிச்சிக்கிட்டுச் சாகவா வளக்கிறீங்க? ரெண்டையும் கடையில குடுத்துடுங்க," என்றாள் மனைவி.

"கால் திரும்ப முளைக்கும்டி!"

"முளைச்சா இருக்கட்டும். ஆனா நீங்க சொன்னா நம்ப மாட்டேன். என் தம்பி பாத்துச் சொல்லணும்."

தம்பி, செயற்கைக் கால் செய்தே தலை நரைத்தவர். வந்து தொட்டியைப் பார்த்தார். சின்னவன் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தான். வயிற்றில் வளைந்த ஒரு கறுப்புப் புள்ளி, கால் இருந்த தோளில் வெறும் முனை. "வெட்டுப்பட்டது முளைக்கும்னா நான் எதுக்கு அத்தான் இத்தனை வருஷம் கட்டை இழைச்சேன்? தீக்குச்சியில ஒண்ணு செஞ்சு தரேன், மாட்டிவிடுங்க."

டிரைவர் சின்னவனைத் தனித் தொட்டிக்கு மாற்றினார். பெரியவனை இடுக்கியிலிருந்து வாங்கிச் சாப்பிடப் பழக்கினார். ஒரு நாள் காலையில், முனையில் கடுகளவு மொட்டு. சில வாரங்களில் அது துடுப்பானது. துடுப்பில் வெடிப்புகள் விழுந்தன. வெடிப்புகளுக்கு நடுவே, ஒளி ஊடுருவும் விரல்கள். அவர் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, கூட்டிச் சொல்ல அவருக்கு எதுவுமே அகப்படவில்லை.

பெரிய தொட்டியில் நடுவே கல்லடுக்கி, செடி நிரப்பி, ஆளுக்கொரு மறைவிடம் வைத்து இரண்டையும் விட்டார். இந்த மூலையில் ஒருவனுக்கு ஊட்டி, அந்த மூலையில் மற்றவனுக்கு. சண்டையில்லை. மச்சானுக்கு ஆள் போயிற்று.

"புதுசா ஒண்ணு வாங்கி விட்டிருப்பீங்க," என்றபடிதான் மச்சான் வந்து குனிந்தார். வயிற்றில் அதே வளைந்த புள்ளி. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. மற்ற கால்களைவிட வெளுத்து, மெலிந்து, ஆனால் முட்டி மடங்கி, அந்தக் கால் கண்ணாடியில் பதிந்திருந்தது. வெளியே, தழும்பேறிய தன் விரல்நுனியை அதற்கு நேராக வைத்தார். சின்னவன் ஒவ்வொரு விரலாக எடுத்து, சற்று மேலே வைத்தான்.

"டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்டா," என்றாள் அக்கா.

அவர் விரலை எடுக்கவில்லை.

"முளைச்சிருக்குக்கா," என்றார். "அத்தான் குறைச்சுத்தான் சொல்லியிருக்காரு."