முதுகில்லாத புலவர்

இராசதுரை இறந்த பதினோராம் நாள், கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கும் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டுக்கு, இரண்டாயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்திய கிரேக்கப் புலவர் ஒருவர் வந்து சேர்ந்தார். முழுதாக வரவில்லை. நெற்றி, வாய், நெஞ்சின் முன்பக்கம், வலது கை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள், அவ்வளவுதான். மற்ற இடங்களில் பின்னாலிருந்த சுவரும் உடுப்புத் தோய்க்கும் மெசினும் தெரிந்தன. இராசதுரையின் ஒரே மகள் தனுசியா இதற்குக் காரணம் சொன்னாள்: அந்த மனிதர் எழுதியதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது பதினான்கு வரி; ஆளும் அந்த அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறார். பெயரிலும் கடைசி இரண்டு எழுத்துத்தான் மிச்சம். தாய் பரிமளம் அதைக் கேட்டுக்கொண்டு, வாய் இருக்கிறபடியால் பசிக்கும் என்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கீழே கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஸ்ரீநிதி, சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்ப்பவள், பனி வழித்தபடியே, பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டுட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவள் தனுசியா. பெற்றவள் கணக்கியலிலோ தாதியியலிலோ பெறாமல் பழைய கிரேக்கத்தில் பெற்றாள். உதைப் படிச்சு ஆரோடை கதைக்கப் போறாய் என்று பெரியப்பா அன்புராசா ஒவ்வொரு கலியாண வீட்டிலும் நாலு பேருக்குக் கேட்கக் கேட்டார். அவள் விடவில்லை, மூன்று வருசம் அந்தப் பதினான்கு வரியோடேயே கிடந்தாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் போன பிறகு, அழுகை வராத ஆத்திரத்தில் பேஸ்மென்ட்டில் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள். இரண்டு மூன்று நாள் அப்படியே வாசித்தாள். அவர் வந்தார். அவர் பாட்டில் ஒரு வரி நீளம், அடுத்த வரி கட்டை. கால்களும் அப்படியே இருந்தன. தமிழைக் குசினி வானொலியிலிருந்து மூன்று நாளில் பிடித்தார். அதில் அதிகம் போவது மரண அறிவித்தல் என்பதால் உயிரோடு இருப்பவர்களையும் அன்னார் என்றார். அன்னார் இன்னும் கொஞ்சம் புட்டு வைப்பாரோ என்று அவர் பரிமளத்தைப் பார்த்துக் கேட்டபோது, புருசன் போனபிறகு அவள் முதல்தடவையாகச் சிரித்தாள்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் படம், வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் பாட்டாகப் போட்டு, வந்த சனத்தின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. ஸ்காபரோவில் அச்சகம் நடத்தும் கோணேஸ்வரனின் கணினியில் புலம்பல்கள் ஆயத்தமாகக் கிடக்கும். பெயரை மாற்றினால் போதும். ஊர்ச்சங்கத் தலைவர் என்ற முறையில் அன்புராசா பொறுப்பெடுத்தார். பார்வைக்கு வந்த பிரதியில், கலியாணமே ஆகாத தனுசியாவின் பிள்ளைகள் மூன்று பேர் தாத்தாவை நினைத்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவள் ஒரே கோட்டில் வெட்டினாள். வெட்டவிடாமல் பெரியப்பா பிடித்துக்கொண்டது ஏழாம் பக்கத்தை. அதில் இராசதுரை, விடுதலைக்குத் தோள் கொடுத்த வீரர்.

இராசதுரை எதற்கும் தோள் கொடுக்கவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், சிநேகிதர் நாலு பேரோடு இயக்கத்துக்குப் போகத் திருகோணமலையில் ட்ராக்டர் ஏறினார். ஒரு சந்தியில் ஒண்டுக்கிருக்க இறங்கியவர், அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தார். மற்ற நாலு பேரும் திரும்பி வரவில்லை. கனடா வந்து இருபத்தொன்பது வருசம் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அவர் வாய் அசையும். தேவாரம் என்று வீட்டார் நினைத்தார்கள். அது அந்த நாலு பேரின் பெயர். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனம் நகராமல் நின்ற ஒரு பின்னேரம் மகளுக்கு மட்டும் சொன்னார்.

"நான் இறங்கினனான் பிள்ளை. நான் செத்தால் உதை மறைக்க விடாதை."

ஓம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால்தான் ஏழாம் பக்கம் அவளுக்கு வெறும் பக்கமாக இருக்கவில்லை.

"தேப்பன்ரை பேரை நீயே கெடுக்கப் போறியோ?" என்றார் அன்புராசா.

"நீங்கள்தான் அவரை அழிச்சுப்போட்டு வேறை ஆரையோ எழுதி வைச்சிருக்கிறியள், பெரியப்பா."

"இறங்கினவனுக்குப் பாட்டுக் கட்ட எந்தப் புலவன் இருக்கிறான்? கொண்டு வா பாப்பம்."

கீழை இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

புலவர் மறுத்துவிட்டார். ஓடிய அன்னார் வீட்டில் இறப்பார், அன்னாருக்காக ஊர் அழாது, இது என்னுடைய வரி என்றார். அவளுக்குத் தலைக்குள் கொதித்தது. மூன்று வருசம் அந்த வரியின் அசைகளை எண்ணியவள், அது யாருக்கு மேல் துப்புகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கோபத்தில் பாதி அவள் மேலேயே இருந்தது.

"முந்நூறு சனம் வந்து அழுதது. உங்கடை வரி பிழை," என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் சண்டைக்குப் போனனீங்களோ?"

வாய் இருந்தும் ஆறு நாள் புட்டு தொடாமல் மேலே வந்தது. இருபத்தைந்தாம் நாள் பேனை கேட்டார்.

தனுசியா சொல்லச் சொல்ல அவர் எழுதினார், அவர் எழுத எழுத அவள் தமிழாக்கினாள். ட்ராக்டர், சந்தி, வெயிலில் தனியே நடந்த வழி, ஒஷாவா, நாலு பெயர். ஒரு வரி நீளம், ஒரு வரி கட்டை.

ஏறிய நால்வரை ஊர் அறியும். இறங்கி நடந்தவனை அறியாது,
அவன் சோற்றின் முன் அவர்கள் பெயர்.

இரண்டிரண்டு வரிக்கு ஒன்றாக அவருக்குக் காது வந்தது, இடது கை வந்தது, தோள்கள் வந்தன. கடைசி வரியை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் படியேறத் திரும்பினார். அதுவரை அவர் யாருக்கும் முதுகு காட்டியதில்லை, காட்ட முதுகு இருந்ததுமில்லை. இப்போது இருந்தது. அதன் நடுவில், ஒரு ஈட்டி போகும் அகலத்தில், பழைய வடு. எதிரியைப் பார்த்து நிற்பவனுக்கு அந்த இடத்தில் காயம் படாது. தனுசியா கீழ்ப்படியில் குந்திக்கொண்டு, தகப்பன் செத்து இருபத்தைந்து நாளுக்குப் பிறகு, அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டு வந்த பரிமளம் இருவரையும் பார்த்தாள். எவ்வளவு காலமாய் உளையுது என்று அவரைக் கேட்டுவிட்டு, நோவுக்குப் பூசும் சித்தாலேப எடுக்கப் போனாள்.

தனுசியா அச்சகத்துக்கு நேரே கொடுத்த பாட்டு ஏழாம் பக்கத்தில் இருக்க, முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கல்வெட்டு கைகளுக்குப் போனது. அன்புராசா ஏழாம் பக்கத்தை வாசித்தார், மூடினார், திரும்பத் திறந்தார். யூனியன்வில்லிலிருந்து வந்திருந்த ஜெயமலர், அந்த நால்வரில் ஒருவனான றமேஸின் தங்கை, தமையனின் பெயரில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். அவள் இன்னுமொன்று கேட்டபோது பிரதிகள் முடிந்திருந்தன. அன்புராசா எழுந்து போய்த் தன்னுடையதைக் கொடுத்தார்.

புலவர் அந்த பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறார், பெயரைத் தவிர முழுதாக. வேறு வீட்டாரும் கல்வெட்டுக்குப் பாட்டுக் கேட்டு வருகிறார்கள். செத்தவர் செய்யாததைப் புலவர் எழுதமாட்டார் என்பதைத் தனுசியா வாசலிலேயே சொல்லிவிடுவாள். பனி கொட்டும் நாட்களில் முதுகு உளைகிறது என்பார். பரிமளம் குப்புறப் படுங்கோ என்பாள், அவர் படுப்பார்.